வால்டர் டல் நாடகம்: மேடையில் எதை வைப்பது, எதை விடுவது?

கேள்வி: நான் திண்டுக்கல் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பி.டி. டீச்சர். எங்கள் கால்பந்து அணிப் பிள்ளைகள் ஆண்டு விழாவுக்காக வால்டர் டல் என்ற பழைய இங்கிலாந்து ஆட்டக்காரரைப் பற்றி அரை மணி நேர நாடகம் எழுதியிருக்கிறார்கள். முதல் உலகப் போரில் இறந்துபோனவர். ஆளுக்கொரு தகவல் கொண்டுவருகிறார்கள்: பிரிட்டனின் முதல் கறுப்பின ராணுவ அதிகாரி, முதல் கறுப்பினத் தொழில்முறை ஆட்டக்காரர், மிலிட்டரி கிராஸ் பதக்கம் வாங்கியவர் என்று. எது உண்மை? 1914 கிறிஸ்துமஸ் அன்று இரு தரப்புச் சிப்பாய்களும் சேர்ந்து பந்து விளையாடுவதுதான் முதல் காட்சி. அதில் வால்டரும் இருக்கிறார். அவருக்கு மனநிலை பாதித்ததை எடுத்துவிடச் சொல்கிறார் தலைமையாசிரியர். நிறத்தைச் சொல்லித் திட்டுவதை மேடையில் காட்டலாமா? அழைப்பிதழில் அவரைப் பற்றி இரண்டு வரி போட வேண்டும். ஸ்கிரிப்டை இணைத்திருக்கிறேன்.

பதில்: வணக்கம் டீச்சர். வாழ்க்கை வரலாற்றுப் புத்தகங்களுக்குத் தகவல் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்தக் கண்ணோடு ஸ்கிரிப்டைப் படித்தேன். வசனம் எழுதிய பிள்ளைக்குக் காது நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் காட்சியை எடுத்துவிட வேண்டியிருக்கும்.

வால்டர் படையில் சேர்ந்தது 1914 டிசம்பர் 21. கிறிஸ்துமஸுக்கு நான்கே நாள் இருக்கிறது. அவர் சேர்ந்த மிடில்செக்ஸ் ரெஜிமெண்டின் 17-வது பட்டாலியன் பயிற்சியெல்லாம் முடித்து பிரான்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது 1915 நவம்பரில். அந்தக் கிறிஸ்துமஸ் அன்று அவர் இங்கிலாந்தில் புதுச் சிப்பாய். கிறிஸ்துமஸ் பந்தாட்டக் கதை எல்லோருக்கும் பிடிக்கும், அதனால் போர்க்காலக் கால்பந்து என்றாலே அதைக் கொண்டுவந்து ஒட்டிவிடுகிறார்கள்.

அதற்குப் பதிலாக, பத்து நாள் முன்னால் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1914 டிசம்பர் 15, லண்டனில் ஃபுல்ஹாம் டவுன் ஹால். போர் தொடங்கியது ஆகஸ்டில். ஆனாலும் அந்த சீசனின் லீக் ஆட்டங்கள் நிற்கவில்லை. ஊர்ப் பையன்கள் எல்லையில் சாகிறார்கள், சம்பளம் வாங்கும் இந்த வாட்டசாட்டமான ஆட்கள் மட்டும் சனிக்கிழமைதோறும் பந்து உதைக்கிறார்களா என்று பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. அதற்குப் பதிலாகத்தான் கால்பந்துக்காரர்களுக்கென்றே தனி பட்டாலியன் என்ற யோசனை வந்தது. அந்தக் கூட்டத்தில் முதலில் பெயர் கொடுத்தவர் ஃப்ராங்க் பக்லி என்ற ஆட்டக்காரர். அன்றைக்கே முப்பத்தைந்து ஆட்டக்காரர்கள் சேர்ந்தார்கள். கிளாப்டன் ஓரியண்ட் கிளப்பிலிருந்து கும்பலாகவே வந்தார்கள். சேர்ந்தவர்களுக்கு ஒரு சலுகை: சீசன் முடிகிறவரை சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு தங்கள் கிளப்புக்கு ஆடலாம். ஆறு நாளில் வால்டர் வந்து சேர்கிறார். அவருடைய நார்தாம்ப்டன் கிளப்பிலிருந்து சேர்ந்த முதல் ஆள் அவர்தான். பயமும் மானமும் ஒப்பந்தக் கணக்கும் கலந்த இந்த வாக்குவாதத்தை உங்கள் பிள்ளைகள் அருமையாக நடிப்பார்கள். பனியில் கைகுலுக்கும் காட்சியைவிட இதில் நடிக்க அதிகம் இருக்கிறது.

குழந்தைப் பருவக் காட்சி சரியாகவே இருக்கிறது. கொஞ்சம் சுருக்கலாம். 1888 ஏப்ரல் 28, கென்ட் மாவட்டத்தின் ஃபோக்ஸ்டோன் கடற்கரை ஊரில் பிறப்பு. அப்பா டேனியல், பார்படோஸ் தீவிலிருந்து வந்த தச்சர். அந்தத் தீவில் அடிமையாக இருந்த குடும்பம் அவர்களுடையது. அம்மா ஆலிஸ் உள்ளூர்ப் பெண். வால்டருக்கு ஏழு வயதில் அம்மா போய்விட, இரண்டே ஆண்டில் அப்பாவும் போனார். சிற்றன்னையால் எல்லாப் பிள்ளைகளையும் வைத்துச் சோறு போட முடியவில்லை. வால்டரும் அண்ணன் எட்வர்டும் லண்டன் பெத்னல் கிரீனில் மெத்தடிஸ்ட் சபை நடத்திய அநாதை இல்லத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அடுத்ததாக கிளாஸ்கோவைச் சேர்ந்த வார்னாக் என்ற பல் மருத்துவர் குடும்பம் எட்வர்டைத் தத்தெடுத்துக்கொண்டது. தம்பி மட்டும் இல்லத்தில் தனியாக நின்றான். பிள்ளைகள் எழுதியதில் எனக்குப் பிடித்த இடம் இந்தப் பிரிவுதான்; அதைத் தொடவே வேண்டாம். எட்வர்டும் பின்னாளில் பல் மருத்துவரானார் என்பதை எங்காவது ஒரு வரியில் சொல்லிவையுங்கள். கடைசியில் தந்தி போய்ச் சேர்வது அவர் கைக்குத்தான்.

ஆட்டக்காரராக அவர் வளர்ந்த பகுதியில் பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. இது பெரிய குறை. தொழில்முறை ஆட்டக்காரர் என்றதும் பிள்ளைகள் மனதில் இன்றைய கோடிகள்தான் ஓடும், அரங்கில் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அப்படித்தான். வால்டர் இல்லத்தில் அச்சுத் தொழில் கற்றவர். 1908-இல் கிளாப்டன் என்ற அமெச்சூர் கிளப்பில் சேர்ந்தார், அதாவது சம்பளம் இல்லாமல். அந்த ஒரே சீசனில் கிளாப்டன் மூன்று கோப்பை ஜெயித்தது, எஃப்.ஏ. (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம்) நடத்திய அமெச்சூர் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் 6-0. இதைப் பார்த்துத்தான் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் 1909-இல் அவரைக் கூப்பிட்டது. ஒப்பந்தம் போட 10 பவுண்டு, வாரச் சம்பளம் 4 பவுண்டு. அதற்கு மேல் எந்தக் கிளப்பும் எந்த ஆட்டக்காரருக்கும் கொடுக்கக் கூடாது என்று சங்கமே வரம்பு வைத்திருந்தது. ஒரு நல்ல கைத்தொழிலாளி சம்பாதிப்பதைவிட இது அதிகம்தான், ஆனால் முட்டி போனால் மறுபடியும் அச்சுக்கூடம்தான். அந்தக் கோடையில் அணியோடு கப்பலேறி அர்ஜென்டினா, உருகுவே போய் ஆடிவிட்டு வந்தார். திரும்பியதும் முதல் டிவிஷன், அதாவது லீக்கின் உச்ச அடுக்கு. டாட்டன்ஹாமே அந்த ஆண்டுதான் அங்கே ஏறியிருந்தது.

இப்போது பிரிஸ்டல் காட்சி. 1909 அக்டோபர், பிரிஸ்டல் சிட்டி மைதானம். கூட்டத்தில் ஒரு பகுதி அவர் நிறத்தைச் சொல்லி அவ்வளவு கேவலமாகத் திட்டியது. லண்டனின் பில்லிங்ஸ்கேட் மீன் சந்தைப் பேச்சையும் மிஞ்சிய கீழ்த்தரம் என்று 'ஃபுட்பால் ஸ்டார்' பத்திரிகையின் நிருபர் எழுதினார். கோழைத்தனமான தாக்குதல் என்றும் சொன்னார். அன்று களத்தில் நடத்தையிலும் ஆட்டத்திலும் சிறந்து நின்றவர் வால்டர்தான், கால்பந்து ஆடும் வெள்ளையர் எல்லோருக்கும் அவர் முன்மாதிரி என்றும் அதே கட்டுரை சொல்கிறது. பாராட்டத்தான் எழுதினார், அதிலும் வெள்ளையரைத்தான் அளவுகோலாக வைத்தார் என்பதைப் பிள்ளைகளோடு பேசிப்பாருங்கள். நல்ல விவாதம் வரும்.

மேடையில் காட்டலாமா என்றால், கட்டாயம் காட்டுங்கள். வசைச் சொற்கள் மட்டும் வேண்டாம். அடுத்த வாரம் அந்தச் சொற்கள் உங்கள் பள்ளி வராந்தாவில் கறுப்பான ஒரு பிள்ளையின் பின்னால் ஓடும். கூட்டத்தின் இரைச்சலைத் திரைக்குப் பின்னால் வையுங்கள். வால்டர் பந்தோடு முன்னால் இருக்கட்டும். நிருபர் வேடம் போடும் பிள்ளை ஓரமாக நின்று கட்டுரையின் கருத்தைத் தமிழில் வாசிக்கட்டும். இது போதும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஸ்கிரிப்டின் ஓரத்தில் 'மேக்கப் – கரி' என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். முகத்தில் கரி பூசி வருகிறவனைப் பார்த்தால் நம் ஊர்க் கூட்டம் சிரிக்கும். அத்தனை சினிமா காமெடி அதைப் பழக்கிவைத்திருக்கிறது. பிரிஸ்டல் கூட்டம் செய்ததை உங்கள் அரங்கமும் செய்துவிடும். வெளுத்த பிள்ளைகளுக்கு வெள்ளைக்காரர் வேடம் என்று பிரிப்பதும் வேண்டாம். யார் நன்றாக நடிக்கிறார்களோ அவர் வால்டர். பெண் பிள்ளையாக இருந்தாலும் சரிதான்.

பிரிஸ்டலுக்குப் பிறகு டாட்டன்ஹாம் முதல் அணியில் அவர் பெயர் அருகிப்போனது. மொத்தமாக 10 லீக் ஆட்டம், 2 கோல், மற்றபடி ரிசர்வ் அணி. ஸ்கிரிப்ட் இங்கிருந்து நேராகப் போருக்குத் தாவுகிறது. நடுவில் மூன்று ஆண்டுகளைக் காணோம் டீச்சர்! 1911 அக்டோபரில் சதர்ன் லீக்கில் ஆடிய நார்தாம்ப்டன் டவுன் அவரை வாங்கியது. வாங்கியவர் மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன். பிற்காலத்தில் ஹடர்ஸ்ஃபீல்டையும் ஆர்சனலையும் உச்சிக்குக் கொண்டுபோன அதே சாப்மன்தான், அவரும் ஒரு காலத்தில் டாட்டன்ஹாமில் ஆடியவர். ஃபார்வர்டாக வந்த வால்டர் இங்கே ஹாஃப்-பேக், அதாவது நடுக்கள ஆட்டக்காரர் ஆனார். 111 முதல் அணி ஆட்டங்கள், 9 கோல். பெரிய கிளப் ஓரம் கட்டிய ஆளைச் சின்ன ஊர் ஒன்று வாராவாரம் களத்தில் இறக்கியது. டாட்டன்ஹாம் பெயர் கவர்ச்சியாக இருக்கிறது என்பதற்காக நார்தாம்ப்டனை விட்டுவிட்டால் அவர் உழைத்த இடமே கதையில் இல்லாமல் போகும். கோல் போடுகிறவனைத் தாண்டி ஒருவனும் கண்ணில் படாத இந்தக் காலத்தில், முன்னால் ஓடுகிறவனுக்குப் பந்து கொடுத்துவிட்டுப் பின்னால் ஓட்டையை அடைக்கிற ஆட்டக்காரனுக்கு ஒரு காட்சி கொடுக்க உங்களைப் போன்ற பி.டி. டீச்சரை விட்டால் யார் இருக்கிறார்கள்? இன்று நார்தாம்ப்டன் மைதானத்துப் பக்கம் அவருக்கு நினைவுச் சின்னமும் அவர் பெயரில் ஒரு சாலையும் இருக்கின்றன.

தலைமையாசிரியர் சொன்னதற்கு வருகிறேன். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஹீரோ பலவீனமாகத் தெரியக் கூடாது என்று. ஆனால் ஆவணத்தில் இருப்பதை அவரிடம் காட்டுங்கள். 1916 மே மாத வாக்கில், இடைவிடாத குண்டுவீச்சில் மாதக்கணக்காகக் கிடந்த பிறகு, 'அக்யூட் மேனியா' என்று குறித்து வால்டரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு ஷெல் ஷாக் என்று பரவலாகப் பேசப்பட்டதெல்லாம் இந்த வகைதான். ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்கு இது வந்தது. அதே இலையுதிர் காலத்தில் அவர் மறுபடியும் பிரான்ஸ் போனார், சோம் போர்முனைக்கு. இதை எடுத்துவிட்டால் திரும்பிப் போனதையும் சேர்த்தே எடுக்க வேண்டிவரும். மருத்துவமனையும் அழுகையும் வேண்டாம்; ஒரு டாக்டர், ஒரு சீட்டு, ஒரு கேள்வி, ஒரு நிமிடக் காட்சி போதும். இன்றைய மனநலச் சொற்களை அவர் வாயில் வைக்காதீர்கள், அன்று அவை கிடையாது.

இதனால் இன்னொன்றும் மாறும். மூன்றாம் காட்சியில் 1916 ஜூலை 1, சோம் தாக்குதலின் முதல் நாளில் அவரை ஓடவிட்டிருக்கிறார்கள். அன்று அவர் பிரான்ஸிலேயே இல்லை. தேதியை அக்டோபருக்கு மாற்றினால் சரியாகிவிடும். டிசம்பரில் பேன் கடியால் பரவும் டிரெஞ்ச் காய்ச்சல் வந்து மறுபடியும் இங்கிலாந்து. குணமானதும் மேலதிகாரிகள் பரிந்துரையில் ஸ்காட்லாந்தின் கெய்ல்ஸ் முகாமில் அதிகாரிப் பயிற்சி. 1917 மே 30 அன்று செகண்ட் லெப்டினன்ட்.

இங்கேதான் அந்த 'முதல்' வருகிறது. இதை நான் கண்டிப்பாக வெட்டுவேன். இன்னமும் பல இடங்களில் அவர்தான் பிரிட்டிஷ் ராணுவத்தின் முதல் கறுப்பின அதிகாரி என்று எழுதுகிறார்கள். ஜமைக்காவைச் சேர்ந்த யூவன் லூசி-ஸ்மித், ராயல் வாரிக்‌ஷயர் ரெஜிமெண்டில் அதிகாரியாக இருந்து 1915 ஏப்ரலிலேயே கொல்லப்பட்டார். ஜார்ஜ் பெமண்ட் 1915-இல் பீரங்கிப் படையில் அதிகாரியானார். 'தூய ஐரோப்பிய வம்சமா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று பதில் சொல்லித்தான் உள்ளே போனார். ஆட்டத்திலும் இதே கதைதான். 1881-இலேயே ஸ்காட்லாந்து அணிக்குத் தலைமை தாங்கி இங்கிலாந்தை 6-1 என்று தோற்கடித்தவர் கயானாவில் பிறந்த ஆண்ட்ரூ வாட்சன். கானாவில் பிறந்த கோல்கீப்பர் ஆர்தர் வார்ட்டன் 1889-இலேயே சம்பளத்துக்கு ஆடினார். முதல் டிவிஷனில் ஃபார்வர்டாக ஆடிய வில்லி கிளார்க்கும் வால்டருக்கு முன்னால் வந்தவர்தான்.

இதனால் வால்டர் சின்னவராகிவிட மாட்டார். கறுப்பினத்தவரும் 'நிறமுள்ளவர்களும்' அதிகாரிகளாகக் கூடாது என்ற விதி புத்தகத்தில் அப்படியே இருந்தது. அவர் தன் அப்பாவை எங்கே ஒளிக்க முடியும்? முகத்தைப் பார்த்தாலே தெரியும், ஊரெல்லாம் அறிந்த ஆட்டக்காரர் வேறு. தெரிந்தேதான் பதவி கொடுத்தார்கள். அதிகாரிகள் மளமளவென்று செத்துக்கொண்டிருந்ததும் அதற்குக் காரணம், கூட இருந்து பார்த்தவர்கள் அவரை மதித்ததும் காரணம். நம் பிள்ளைகளுக்கு ஓர் ஒப்பீடு: இந்திய ராணுவத்தின் போர்ப் பிரிவுகளில் இந்தியர்களுக்கு அரசரின் கமிஷன் (ஆங்கில அதிகாரிகளுக்குச் சமமான அதிகாரிப் பதவி) கிடைக்கும் என்று அறிவிப்பு வந்ததே அதே 1917 ஆகஸ்டில்தான். அதுவரை ஓர் இந்தியர் எத்தனை ஆண்டு பணியாற்றியிருந்தாலும் நேற்று வந்த இளம் ஆங்கில அதிகாரிக்குக் கீழேதான்.

அடுத்தது பதக்கம். 23-வது மிடில்செக்ஸ் பட்டாலியனில் சேர்ந்து, பெல்ஜியத்தில் ஈப்ரு முனையில் சண்டையிட்ட பிறகு, 1917 நவம்பரில் அந்தப் படை இத்தாலிக்குப் போனது. ஆல்ப்ஸிலிருந்து பனிநீர் அடித்துவரும் பியாவே ஆறு, அக்கரையில் எதிரி. 1918 புத்தாண்டு இரவில் நடந்த தாக்குதலில், பிரதான படைக்குக் காவலாகப் போகும் குழுவை வால்டர் ஆற்றைக் கடந்து நடத்திப் போனார். கடுமையான சூட்டுக்கு நடுவே ஓர் ஆளுக்கும் சேதமில்லாமல் திரும்பக் கூட்டிவந்தார். டிவிஷன் தளபதி மேஜர் ஜெனரல் லாஃபோர்டு, அவருடைய துணிவையும் நிதானத்தையும் பாராட்டி எழுதியது இருக்கிறது. அந்தக் குழுவில் 26 பேர் என்பார்கள். உங்கள் சீனியர், ஜூனியர் அணிகளைச் சேர்த்தால் மேடைக்கு ஆள் தயார். நார்தாம்ப்டனில் பார்த்த அதே ஹாஃப்-பேக் வேலைதான் இது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் டைரக்டர் இல்லாமலே நடித்துவிடுவார்கள்.

மிலிட்டரி கிராஸ் அவருக்குக் கிடைக்கவில்லை. 'வாங்கினார்' என்ற வசனத்தை எடுத்துவிடுங்கள். அவர் இறந்த பிறகு எட்வர்டுக்கு ஆறுதல் கடிதம் எழுதிய சக அதிகாரி, வால்டர் பெயர் அந்தப் பதக்கத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தது என்று குறிப்பிட்டார். பரிந்துரைத் தாள் ஆவணக் காப்பகத்தில் அகப்படவில்லை. பதக்கம் கொடுத்திருந்தால் விதியை மீறியதை ராணுவமே ஒப்புக்கொண்டதாகியிருக்கும், அதனால்தான் அமுக்கிவிட்டார்கள் என்று ஒரு தரப்பு வாதாடுகிறது. பரிந்துரைகள் தள்ளுபடியாவது சகஜம், இறந்தவருக்கு அன்றைய முறையில் விக்டோரியா கிராஸைத் தவிர வேறு வீரப் பதக்கமும் கிடையாது என்பது மறு தரப்பு. இப்போதாவது கொடுங்கள் என்று எம்.பி.க்கள் வரை கேட்டுப்பார்த்துவிட்டார்கள். நாடகத்தில் அந்தக் கடிதத்தை மட்டும் எட்வர்டு படிக்கட்டும். பதக்கம் மாட்டும் கனவுக் காட்சி எழுதியிருக்கிறார்களே, அது வேண்டவே வேண்டாம். இல்லாத பதக்கத்தை அட்டையில் வெட்டி மாட்டினால், அது மறுக்கப்பட்ட கதை அடிபட்டுப்போகும்.

இறுதிக் காட்சியில் தேதி சரி, இடம் தப்பு. 1918 மார்ச் 21 அன்று ஜெர்மன் படை பெருந்தாக்குதலைத் தொடங்கியது. இத்தாலியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த வால்டரின் பட்டாலியன் பின்வாங்கிக்கொண்டே சண்டை போட்டது. மார்ச் 25 அன்று வட பிரான்ஸில் ஃபாவ்ரேய் கிராமத்தருகே அவர் சுடப்பட்டார். முப்பது வயது முடிய ஒரு மாதம் இருந்தது. அவரைத் தூக்கிவர முயன்றவர்களில் ஒருவர் சிப்பாய் டாம் பில்லிங்ஹாம், லெஸ்டர் ஃபாஸ் கிளப்பின் கோல்கீப்பர். சூடு நெருங்கி வந்ததால் விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. உடல் பிறகும் கிடைக்கவில்லை. ஆகவே ஸ்கிரிப்டில் வரும் கல்லறை கிடையாது. கல்லறை தெரியாத சுமார் 35,000 பேரின் பெயர்களோடு அராஸ் நினைவுச் சுவரில் அவர் பெயரும் இருக்கிறது. பில்லிங்ஹாம் பாத்திரத்தை உங்கள் அணியின் நிஜக் கோல்கீப்பருக்கே கொடுங்கள்.

உடை விஷயத்தில் ஒன்றே ஒன்று: சட்டையில் நம்பர் வேண்டாம். முதுகில் எண் போடும் வழக்கம் இங்கிலாந்துக்கு வந்தது அவர் காலத்துக்குப் பிறகுதான்.

அழைப்பிதழுக்கு இப்படிப் போடலாம்: 'வால்டர் டல் (1888–1918): டாட்டன்ஹாம், நார்தாம்ப்டன் அணிகளின் கால்பந்து வீரர். கறுப்பினத்தவர் அதிகாரியாகக் கூடாது என்ற விதி இருந்தபோதே பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியானவர்.' அச்சகத்தில் பிரதி பார்க்கும்போது 1888-ஐ ஒருமுறை சரிபாருங்கள். நீங்கள் அனுப்பிய வரைவில் அது 1898 என்று இருக்கிறது.